பனியை வேலைக்கு வைத்தவள்

பஸ் நிற்பதற்கு முன்னாலேயே இறங்கிவிடுகிற பெண்பிள்ளை என்றுதான் அவளை எனக்கு முதலில் தெரியும். ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் காலையில் நாலைந்து பஸ்கள் ஒன்றாக வந்து மூச்சு வாங்கும். அதில் ஒன்று இன்னும் உருண்டுகொண்டிருக்கும்போதே, தோளில் கெமரா பையோடும் வாயில் பாதி கடித்த பணிஸோடும் அவள் குதிப்பாள். கொண்டக்டர் பின்னாலிருந்து கத்துவான்.

"ஏய் தங்கச்சி, பஸ் நிக்கட்டும்! விழுந்து வச்சீன்னா என் தலையிலதான் விடியும்!"

அவள் திரும்பாமலே கையை ஆட்டுவாள். "நீங்க நிப்பாட்டுறதுக்குள்ள நான் கடையத் தொறந்துருவேண்ணே!"

கடை என்றது ஒரு ஸ்டூடியோ. பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்தது. கல்யாணம், சடங்கு, கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் போய்ப் படம் எடுத்து, கம்ப்யூட்டரில் வெட்டிக் கோத்துக் கொடுப்பாள். தேயிலைத் தோட்டத்தில் நான் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த பிறகு, அவளிடம் கூட்டிப் பெருக்கவும் தேத்தண்ணி ஊற்றவும் போனேன். அவள் பேரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் கோபித்துக்கொள்ள மாட்டாள்தான். ஆனாலும் கேட்காமல் எழுதக் கூச்சமாக இருக்கிறது. நான் அவளைப் புள்ள என்பேன். அவள் என்னைப் பெரியம்மா என்பாள்.

அவளுக்கு எல்லாம் வேகமாக நடக்க வேண்டும். போனில் ஆட்கள் அனுப்புகிற வாய்ஸைக்கூட இரண்டு மடங்கு வேகத்தில்தான் கேட்பாள். அவளுடைய அம்மா பேசினால் கிளி பேசுகிற மாதிரி இருக்கும். சோறு தின்றாயா, குடை எடுத்துக்கொண்டு போனாயா, சளி எப்படி, எல்லாம் கீச்கீச்சென்று ஒரே மூச்சில் முடிந்துவிடும்.

"பெத்தவ பேசுறத இப்புடியா புள்ள கேக்குறது?"

"முழுசாக் கேட்டா பொழுது போயிரும் பெரியம்மா. எங்கம்மாவுக்குச் சொல்ல நெறைய இருக்கு."

"இன்னும் கொஞ்சம் போகும்" என்பது அவள் வாயில் எப்போதும் இருக்கிற வார்த்தை. லைட், கம்பி, பின்னால் கட்டுகிற திரை என்று த்ரீவீலருக்குள் ஏற்றிக்கொண்டே இருப்பாள். டிரைவர் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்பான். "அக்கா, நான் எங்க உக்காருறது?" "நீங்க வெளிய தொங்கிக்கிட்டு ஓட்டுங்க தம்பி. உள்ள இன்னும் கொஞ்சம் போகும்." கல்யாணப் பெண்ணை நிற்கவைத்து, "சிரிங்க, சிரிங்க, இன்னும் கொஞ்சம் போகும்" என்பாள். தாய்வீட்டை விட்டுப் போகிற அழுகையை அடக்கிக்கொண்டு நிற்கிறவள் கூடச் சிரித்துவிடுவாள்.

எனக்கு மட்டும் அந்த வார்த்தை முதுகில் குளிர்ந்த கை வைத்த மாதிரி இருக்கும். மலையில் எங்கள் கங்காணி சொல்லுகிற வார்த்தை அது. ஒரு நாள் பேருக்கு, அதாவது முழுச் சம்பளத்துக்கு, இத்தனை கிலோ கொழுந்து என்று இருக்கும். கொழுந்து பொங்குகிற மாதத்தில் அந்தக் கிலோவைக் கூட்டிவிடுவார்கள். நிறைந்த கூடையில் கொழுந்தை அமுக்கி அமுக்கி வைக்கும்போது, கங்காணி பின்னால் நின்று "இன்னும் கொஞ்சம் போகும்" என்பார். போகத்தான் செய்யும். இடுப்பு சாயங்காலம்தான் பேசும்.

தை மாதத்துக் காலை ஒன்று. நான் படியைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவள் உள்ளேயிருந்து கூப்பிட்டாள். கம்ப்யூட்டரில் படம் எதுவும் இல்லாமல் வெறும் எண்களாக ஒரு பக்கம் திறந்திருந்தது.

"இந்தப் பொட்டிக்கு மூளைன்னு ஒரு சிப்பு இருக்கு பெரியம்மா. செய்யிற எடத்துல அதுக்கு ஒரு வேகம் வச்சு அனுப்புவாங்க. நான் அந்த வேகத்தக் கூட்டிட்டேன். இனி சாயங்காலம் வரைக்கும் ஓடுற வேலை மத்தியானமே முடிஞ்சிரும்."

"கூட்டலாமா அப்புடி?"

"கூட்டலாம். சூடாகும். அதுக்குத்தான் ஆள் வச்சிருக்கேன்."

மேசையை ஜன்னல் பக்கம் இழுத்தாள். பெட்டியின் பக்கத்துத் தகட்டைக் கழற்றினாள். ஜன்னலைத் திறந்தாள். வெளியே ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. பனி எழுந்து, ஜன்னல் சட்டத்தில் கொஞ்சம் யோசித்து, உள்ளே இறங்கியது.

"கொழும்புல இதுக்குத் தண்ணிக் கொழாய் வச்சுக் குளிர வைக்கிறாங்க. நமக்குப் பாருங்க, பனி சம்பளமில்லாம வேலைக்கு வருது!"

"கங்காணி கிலோ கூட்டுற மாதிரியா?" வாய் தவறிக் கேட்டுவிட்டேன். கேட்டதும் வெட்கமாகப் போய்விட்டது.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஐயோ, எங்கம்மாகிட்ட இதச் சொல்லிராதீங்க. அதுவும் கொழுந்து எடுத்ததுதான். 'கங்காணியையா பெத்து வளத்தேன்'னு கேக்கும்."

அந்தப் பனிக்காலம் முழுக்க அந்த அறை எனக்கு ஒரு கனவு மாதிரித்தான் இருந்தது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு கூட்டுவேன். பனி தரைமட்டும் வந்து நிற்கும். அதற்குள் திரை மட்டும் வெளிச்சமாக இருக்கும். சிவப்புச் சேலைகட்டிய பெண்கள் பனிக்குள் மாலை மாற்றுவார்கள். யாருடைய வீட்டுக் கிழவியோ ஆரத்தி எடுப்பாள். அந்தத் தட்டின் நெருப்பு பனியில் ஊறித் தெரியும். கீழே பேக்கரி போறணை அடுப்பில் பாண் வேகிற மணம் மேலே வரும். யார் கல்யாணத்துக்குள் நான் கூட்டிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே மறந்துபோகும்.

மாசியில் எங்கள் தோட்டத்தில் காமன் கூத்து போட்டார்கள். படம் எடுக்க அவளைத்தான் பிடித்தார்கள். ரதியும் மதனும் ஆட, என் வீட்டுக்காரர் தப்படித்தார். வயசுக் காலத்தில், காலையில் வேலைக்கு ஆள் திரட்டுகிற பெரட்டுக்குத் தப்படித்துக் கூப்பிட்டவர் அவர். கூத்துக்கு முன்னால் வைக்கோலைக் கொளுத்தித் தப்பைக் காட்டுவார். பனியில் தொய்ந்த தோல் சூட்டில் இழுத்துக்கொள்ளும். விரலால் தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்பார். திரும்பவும் காட்டுவார்.

அவள் கெமராவோடு காலை மாற்றி மாற்றி நின்றாள். "தாத்தா, போதுமே. அடிங்களேன்."

"தோலு சொல்லணும் பாப்பா. நான் சொல்லி என்ன ஆகப்போகுது?"

அவருக்கு ஒரு பழக்கம். கையைத் தூக்கினால் உடனே அடிக்கமாட்டார். ஒரு மூச்சு அப்படியே நிறுத்துவார். ஆடுகிறவனும் காலைத் தூக்கிக்கொண்டு நிற்பான். சுற்றி நிற்கிற சனமும் மூச்சைப் பிடிக்கும். அதற்குப் பிறகுதான் கை இறங்கும். அவளுக்கு அது பொறுக்கவில்லை.

"தாத்தா, அந்த எடத்த நான் வெட்டிருவேன், சொல்லிட்டேன். பாக்குறவங்க படம் நின்னுபோச்சுன்னு நெனப்பாங்க."

"வெட்டு, வெட்டு," என்று அவர் சிரித்தார். முன்பல் இரண்டும் இல்லாத சிரிப்பு.

பங்குனியில் வெயில் ஏறியது. பத்து மணிக்கே பனி மலையுச்சிக்கு ஓடிவிட்டது. அப்போதுதான் கம்ப்யூட்டர் நிற்க ஆரம்பித்தது. முதல்முறை ஒரு சடங்கு வீட்டுப் படத்தில். பிள்ளைக்குத் தாய்மாமன் மாலை போடப் போகிறான், மாலை கழுத்துக்கு வரவில்லை, அப்படியே நின்றது. சத்தம் மட்டும் வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி ஙீ என்று இழுத்தது. அவள் எதைத் தட்டினாலும் அசையவில்லை. அணைத்துப் போட்டாள். நன்றாகத்தான் எழும்பியது. கொஞ்சநேர வேலை என்றால் ஓடியது. நீளமாக ஓட்டினால் நடுவில் நின்றது. நின்றால் அதுவரை ஓடியதும் போச்சு, முதலிலிருந்து தொடங்க வேண்டும். காமன் கூத்து ஒரு ராத்திரி முழுக்க எடுத்த படம். அதை எத்தனை தரம் ஓட்டினாலும் கடைசிக்கு வரவில்லை.

அவள் பெட்டியைப் பிரித்துப் போட்டாள். தூசியைப் பிரஷ்ஷால் எடுத்தாள். மூளைச் சிப்பின் மேல் பற்பசை மாதிரி எதையோ துடைத்துப் புதிதாகத் தடவினாள். ஞாபகத்துக்கு என்று இருக்கிற சின்னப் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒன்றை மட்டும் போட்டு ஓட்டினாள், பிறகு மற்றதை மட்டும் போட்டு ஓட்டினாள். கரண்டு கூடிக் குறைகிறது என்று கரண்டு எடுக்கிற பெட்டியை மாற்றினாள். உள்ளே இருக்கிற எல்லாவற்றையும் அழித்துத் திரும்ப ஏற்றினாள். ஒவ்வொரு தரமும் "இந்தா, புடிச்சிட்டேன்" என்பாள். மத்தியானம் வண்டுச் சத்தம் கேட்கும். அவள் காலைத் தரையில் உதைப்பாள். கீழே பேக்கரி முதலாளி படியில் தலையை நீட்டிச் சிங்களத்தில் கேட்பார், இன்னும் சரியாகவில்லையா என்று.

"தாம ஹரி நெத்த நங்கி?"

"ஹரி வெய் முதலாளி!" சரியாகிவிடும் என்பாள் அவள்.

"அதுக்கும் ஒரு பணிஸ் குடுங்க. பசி போல," என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லிவிட்டு இறங்குவார்.

"போறணைச் சூடு மேல ஏறுது. அதான் காரணம்," என்பாள் அவள். பிறகு வெயில் காரணம் ஆனது. பிறகு கரண்டு. தோளில் ஆட்டைப் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் தேடுகிற கதைதான். அவள் கூட்டிவைத்த வேகத்தை மட்டும் அவள் தொடவே இல்லை. அவளுக்கு அதில் பெருமை. ஊரில் மற்ற ஸ்டூடியோக்காரர்கள் மாதக்கணக்கில் இழுக்கிற வேலையை, மாலை வாடுவதற்குள் கொடுக்கிறவள் என்று அவளுக்குப் பேர் இருந்தது.

சித்திரையில் என் வீட்டுக்காரர் போய்விட்டார். காய்ச்சல் என்று படுத்தார். எழும்பவில்லை. புள்ள எங்கள் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தாள். அவள் கை அப்போதும் எங்கேயோ போகிற மாதிரித் துடித்துக்கொண்டிருந்தது.

எங்களுக்கு ஒரே மகள். வெளிநாட்டில் ஒரு வீட்டில் வேலை. அந்த வீட்டுக்காரர்கள் விடவில்லை. அப்பா முகத்தைப் பார்க்க அவளால் வர முடியவில்லை. என்னுடையது பட்டன் போன் என்பதால், மகள் எனக்குச் சொல்ல வேண்டியதை ஸ்டூடியோப் புள்ளையின் போனுக்குத்தான் வாய்ஸாக அனுப்புவாள். நான் கருமாதி முடித்துத் திரும்ப வேலைக்குப் போயிருந்த ஒரு காலை, புள்ள கம்ப்யூட்டரில் எதையோ வெட்டிக்கொண்டே, பார்க்காமல் போனைத் தட்டிவிட்டாள். என் மகள் கிளிக்குரலில் பேசினாள். அம்மா என்பது மட்டும்தான் எனக்கு விளங்கியது. அந்தக் குரலைக் கேட்டதும் சிரிப்பு வந்துவிட்டது. துக்க வீட்டுக்காரி சிரிக்கிறேனே என்று முந்தானையால் வாயை மூடினேன்.

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். போனை எடுத்து வேகத்தைக் குறைத்து, முதலிலிருந்து போட்டாள்.

"அம்மா… ஆடி அமாவாசைக்கு வர்றேன். அப்பாவுக்குப் படையல் போட்டுட்டுத் திரும்பிரணும். அதுக்குத்தான் விட்டிருக்காங்க. கூத்துப் படம் எடுத்தாங்கன்னு சொன்னியே… அதுல அப்பா இருக்காருதானே? ஒன்னோட ஒக்காந்து பாக்கணும்மா. எனக்கு அப்பா மொகமே… சரி, வைக்கிறேன்."

மெதுவாகக் கேட்டால்தான் அந்த மூச்சு வாங்குகிற இடங்கள் தெரிந்தன. நான் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு, கூட்டின இடத்தையே திரும்பக் கூட்டினேன். படத்தைத் தா என்று கேட்க எனக்கு வாய் வராது. அவளுக்கே கஷ்டகாலம்.

"தந்துருவேன் பெரியம்மா," என்றாள் அவளாக.

"ஒனக்கு வேலை கெடக்கு புள்ள…"

"துண்டு துண்டா இருக்கு. சத்தம் வேற தனியா இருக்கு. கோத்து ஓட்டுனாத்தான் படம். ஓட்டுனா நிக்குது." இன்னும் கொஞ்சம் போகும் என்று அன்றைக்கு அவள் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவள் கூத்துப் படத்தையே ஓட்டினாள். ரதியின் வளையலில் ஒருநாள் நின்றது. பொரி தின்கிற ஒரு பிள்ளையில் நின்றது. கூட்டத்துக்குள் புகுந்த நாயில் நின்றது. ஆடி பிறந்தது. மகள் புறப்படப் போகிறேன் என்று சொல்லிவிட்டாள். மழையும் பனியும் திரும்பி வந்தன. அவளுக்குச் சந்தோஷம். "வேலைக்காரன் வந்துட்டான் பெரியம்மா! இனி ஓடும் பாருங்க," என்று ஜன்னலை அகலத் திறந்தாள். பனி வந்து மேசை, நாற்காலி, சுவரில் மாட்டிய கல்யாணப் படங்கள் எல்லாவற்றையும் மூடியது. என் கையே எனக்கு மங்கலாகத் தெரிந்தது. அவ்வளவு குளிர்.

அந்தக் குளிரிலும் நின்றது.

வண்டுச் சத்தம் கேட்டது. அவள் சத்தத்தை அணைத்தாள். திரும்பவும் தொடங்கக் கையைக் கொண்டுபோனாள். நான் அவள் பின்னால் தேத்தண்ணியோடு நின்றிருந்தேன். திரையில் என் வீட்டுக்காரர். தலையில் துண்டு. விடியற்காலை வெளிச்சம் ஒரு கன்னத்தில் மட்டும். குச்சி பிடித்த கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கையை மேசையிலிருந்து எடுத்தாள். என் கையிலிருந்த கோப்பையை வாங்கிக்கொண்டு, "நான் கீழ நின்னு குடிச்சிட்டு வர்றேன்," என்று போய்விட்டாள்.

நானும் அவரும் மட்டும் இருந்தோம். உயிரோடு இருந்தபோது அவரை இப்படி நேருக்கு நேராக நான் பார்த்ததில்லை. சோறு போடும்போது தட்டைப் பார்ப்பேன். பேசும்போது கதவைப் பார்ப்பேன். கூச்சம்தான். இப்போதும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டுதான் பார்த்தேன். மணிக்கட்டில் வைக்கோல் நெருப்பு பட்ட தழும்பு. காதோரம் நரைத்த முடி சுருண்டிருந்தது. அது சுருளும் என்று எனக்குத் தெரியாது. ஜன்னல் வழியாகப் பனி வந்து அவர்மேல் படிந்துகொண்டே இருந்தது. கண்ணாடியில் நீர் கோத்தது. துணியை எடுத்து அவர் முகத்தை மெல்லத் துடைத்தேன். அவர் அப்படியே நின்றார். எனக்காகக் கையைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு நேரம் நின்றார்.

அவள் திரும்பி வரும்போது தலைமயிரெல்லாம் பனித்துளி. கோப்பையில் தேத்தண்ணி அப்படியே ஆறிப்போய் இருந்தது. இவ்வளவு நேரமும் படியில் நின்றிருக்கிறாள். ஒரு நிமிஷம் நிற்கத் தெரியாத பிள்ளை.

"பாத்துட்டீங்களா?"

"ம்."

உட்கார்ந்தாள். கொஞ்சநேரம் கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"வெயிலும் இல்ல, போறணையும் இல்ல பெரியம்மா. நான்தான். பனி இருந்தாத் தாங்கும்னு நெனச்சேன். சின்ன வேலையா இருக்கையில எப்புடியோ சமாளிச்சிருக்கு. பெருசா ஒன்னு வந்ததும் அதால முடியல. இத்தன மாசமா அத நான் வெரட்டிக்கிட்டே இருந்திருக்கேன்."

அணைத்தாள். கம்ப்யூட்டர் திரையிலிருந்து அவர் போனார். எண்கள் மட்டும் இருக்கிற அந்தப் பக்கத்தைத் திறந்தாள். ஒரு எண்ணை மாற்றினாள். கையை எடுக்க மனமில்லாத மாதிரி கொஞ்சம் இருந்துவிட்டு, எடுத்தாள்.

"எறக்கிட்டேன். பொறந்த வேகத்துக்கே."

ஓட்டுவதற்கு முன்னால் என்னைக் கீழே பணிஸ் வாங்க அனுப்பினாள். நான் வரும்போது திரையில் எதையோ வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் மூடிவிட்டாள். பிறகு ஓடத் தொடங்கியது. பச்சைக் கோடு ஒன்று அட்டை மாதிரி ஊர்ந்தது. அவள் எழும்பினாள், உட்கார்ந்தாள், ஜன்னலை மூடினாள், நகம் கடித்தாள். கடைசியில் போனை எடுத்து அம்மாவின் வாய்ஸைப் போட்டாள். மெதுவாக. நடுவில் அந்த அம்மா இருமுவதும், சேவலை விரட்டுவதும், என்ன சொல்ல வந்தோம் என்று மறந்து நிற்பதும் கேட்டது. முடிந்ததும் அவள் அம்மாவுக்குப் போன் போட்டாள். "ஒன்னுமில்லம்மா, சும்மாதான். சொல்லு," என்றாள். அந்த அம்மா பயந்துபோய், "என்னடி ஆச்சு ஒனக்கு?" என்று கேட்டது எனக்கே கேட்டது.

சாயங்காலம் பச்சைக் கோடு அந்தக் கரைக்குப் போய்ச் சேர்ந்தது. வண்டுச் சத்தம் வரவே இல்லை.

அடுத்த வருஷமே அவள் கடையை ஒருவருக்குக் கொடுத்துவிட்டுக் கொழும்புக்குப் போய், அங்கிருந்து கடல் தாண்டிப் போய்விட்டாள். போகும்போதும் ஓட்டம்தான். விளக்குமாற்றோடு நான் நிற்க, ஓடுகிற பஸ்ஸில் தொற்றிக்கொண்டு கையை ஆட்டினாள். இப்போது அவள் எந்த ஊரில், எந்தக் குளிரில் இருக்கிறாளோ.

படம் ஓடி முடிந்த அந்த ஆடியில், அமாவாசையன்று படையல் போட்டோம். அவருக்குப் பிடித்த கருவாடும் கிழங்கும் வைத்து, அவர் தப்பை விளக்குப் பக்கத்தில் சாய்த்தோம். லயத்துச் சனம் எல்லாம் எங்கள் வீட்டுக் காம்பராவில் நெருங்கி உட்கார்ந்தது. மகள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். டீவியில் புள்ள கொடுத்த கூத்துப் படம் ஓடியது. ரதி ஆடினாள். பிள்ளை பொரி தின்றது. நாய் வந்து போனது. எல்லாரும் தங்கள் தங்கள் முகத்தைக் கண்டு சிரித்தார்கள். பிறகு அவர் வந்தார். கையைத் தூக்கினார்.

கை அப்படியே நின்றது.

அவர் வழக்கமாக நிறுத்துகிற மூச்சைவிட அது நீளம். வெட்டிருவேன் என்று புள்ள சொன்ன இடம். மணிக்கட்டுத் தழும்பு தெரிந்தது. சுருண்ட முடி தெரிந்தது.

"ஐயோ, நின்னுருச்சே!" என்றது ஒரு குரல். "வயரப் புடிச்சு ஆட்டுங்கடா!"

மகள் பதறி எழும்பி டீவிப் பக்கம் கையை நீட்டினாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இரு. மொகத்தப் பாரு."

அவள் பார்த்தாள். காம்பரா முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது.

பிறகு கை இறங்கியது.